குளிரச் சொன்ன குரல்

"அந்தச் சக்கரத்தப் பாரு சாயபு. சுத்தி ஐஸ் புடிச்சிகினு கீது. ரெண்டு எடத்துல மட்டும் புடிக்கல. அது லாசர் கை வச்ச எடம்" என்றான் அங்கமுத்து.

கலீமுல்லா பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆள் உயரத்தில் இருந்த அந்த இரும்புச் சக்கரம் முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருந்தது. இடது பக்கம் ஓர் இடத்திலும் வலது பக்கம் ஓர் இடத்திலும் மட்டும் கறுப்பு இரும்பு தெரிந்தது. ஒருவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தால் எங்கே பிடிப்பானோ, சரியாக அங்கே.

"நீங்கல்லாம் தினம் புடிச்சித் திருகற எடம்பா அது. தேஞ்சி போயிருக்கும்" என்று சிரித்துப் பார்த்தான் கலீமுல்லா. சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுபோனது.

"லாசர் செத்துப்பூட்டதிலேருந்து அத ஒருத்தனும் கையால தொடல. கடப்பாரைய உட்டு நெம்பித்தான் தொறக்கிறோம்."

கலீமுல்லா ஒரு காலத்தில் நாடகக் கம்பெனியில் பேய் வேஷம் கட்டியவன். அவன் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஊளையிட்டால் தரை டிக்கெட்டில் குழந்தைகள் வீறிட்டு அழும். பேய் வேஷம் கட்டியவனுக்குப் பேய் பயம் இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே! இப்போது அவன் துப்பறியும் வேதநாயகத்தின் உதவியாளன். இந்த உத்தியோகத்திலும் பேயா என்று உள்ளுக்குள் நொந்துகொண்டான்.

சாந்தோமைத் தாண்டி அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகும் மணல் சாலையில் இருந்தது மெர்ட்டன் ஐஸ் கம்பெனி. குப்பத்துக் கட்டுமரங்கள் கொண்டுவரும் மீனையும் இறாலையும் உறைய வைத்துக் கப்பலுக்கும் ஓட்டல்களுக்கும் அனுப்புகிற இடம். அந்தக் குளிரையெல்லாம் கொண்டுவருவது அமோனியா. குழாய்க்குள் ஓடும் வரையில் அது வேலைக்காரன். வெளியே வந்துவிட்டால் எமன். கண்ணைப் பொசுக்கி, நெஞ்சை அடைத்து, ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். மெஷின் அறைக்குள் கால் வைத்ததிலிருந்தே கலீமுல்லாவுக்குக் கண் கரித்துக்கொண்டிருந்தது. இது அமோனியாவின் மிச்சமா, லாசரின் மிச்சமா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வேதநாயகம் தரையில் குந்தியபடி, மெஷினின் அடியில் இருந்த சின்ன வால்வைத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, எதையும் இரண்டு தடவை கேட்கிற வழக்கம்.

"இன்னொரு தரம் சொல்லு அங்கமுத்து. ஒண்ணும் தெரியாதவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

"மெஷினுக்கு எண்ணெ ஊத்தறோம்ல, அது போய் அடியில தங்கிப்பூடும். அப்பப்ப இந்தக் கீழ் வால்வத் தொறந்து வடிச்சிடணும். வடிஞ்சதும் மூடிடணும். இல்லாட்டி எண்ணெ பின்னாலயே நெடி வந்துடும். மேல கீதே சக்கரம், அது குளிர உடற வால்வு. கீழ தொறந்துகினு கீறப்ப மேல தொடவே கூடாது. தொட்டா அமோனியா மொத்தமும் கீழ வழியா பீச்சிகினு வந்துடும், அவ்ளோதான்."

"லாசருக்கு அது தெரியுமா?"

"இன்னா சாமி இப்படிக் கேக்கற? எனக்குக் கத்துக் குடுத்ததே அவன்தான்."

சிக்கலே அங்கேதான் இருந்தது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கீழ் வால்வு திறந்திருக்கும்போதே லாசர் மேல் வால்வைத் திறந்தான். கொஞ்சமாக அல்ல, சக்கரம் இதற்குமேல் சுற்றாது என்கிற மட்டும் திறந்தான். நெடி அடங்கி ஆட்கள் உள்ளே போனபோது சக்கரத்தடியில் பிணமாகக் கிடந்தான். அதற்குச் சில நாள் முன்புதான் அவனுடைய ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. துக்கம் தாங்காமல் தானே செத்துப்போனான் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது. அப்படிச் செத்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று மாதா கோயில் சாமியார், வேலிக்கு வெளியே மணலில் புதைக்கச் சொல்லிவிட்டார்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். குப்பத்தில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். லாசரின் மனைவி தேசம்மா இன்று காலை வேதநாயகத்தின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "எம் புருசன் தானா சாவலய்யா. நாளைக்குள்ள அதச் சாமியார் காதுல போடு. அவரு வேலிக்கு அந்தாண்ட அனாதையா கெடக்கறத என்னால பாக்க முடியல" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அழுதிருந்தால் வேதநாயகம் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அவள் அழாமல் நின்றதுதான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

"அன்னிக்கு நீ எங்கே நின்னே?" என்று கேட்டார்.

"வாசப்படியாண்ட. ஃபோர்மன் ஐயா அதோ, அந்தப் படத்தாண்ட நின்னாரு."

சுவரில் ஒரு மகாலட்சுமி படம். அதன் கீழே பித்தளை விளக்கு ஒன்று, திரி காய்ந்து கிடந்தது.

"இதை ஏத்தறது யாரு?"

"ஐயாதான். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம, வெளக்கு வைக்கிற நேரத்துல. லாசர் பூட்ட பிறவு ஏத்தறதில்ல. அவரு இந்தப் பக்கமே வர்றதில்ல. லீவு போட்டுட்டு வூட்டோட கீறாரு."

"அன்னிக்கு என்ன உத்தரவு போட்டார்?"

"குளிர உடச் சொன்னாரு. ரெண்டு மூணு தபா கத்தினாரு. மெஷின் சத்தத்துலயும் என் காதுல வுழுந்துச்சி. லாசர் மேல் வால்வாண்ட ஓடினான்."

"கீழே திறந்திருந்ததே?"

"எண்ணெ கெட்டியா அடச்சிகினு சொட்டுச் சொட்டா வந்துகினு இருந்துச்சி. ஐயாவே இப்படி அவசரப்படறாரே, மீனு கெட்டுப்போவுதோ இன்னாவோ, மேல தொறந்துட்டு வந்து கீழ மூடிக்கலாம்னு நெனச்சிருப்பான். பாவி, ஐயா பேச்ச ஒரு நாளும் தட்ட மாட்டான்."

"ஆனா ஃபோர்மன் மூடச் சொன்னதாத்தானே போலீசில் சத்தியம் பண்ணியிருக்கார்?"

அங்கமுத்து தலையைச் சொறிந்தான். "அவரு பொய் சொல்ற ஆளில்ல சாமி."

"அப்போ நீ?"

"நானும் சொல்லல."

வெளியே வந்து ஜட்காவில் ஏறியதும் கலீமுல்லா தன் துருக்கிக் குல்லாவைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "வாத்தியாரே! ஒருத்தன் யோக்கியன், ஒருத்தன் திருடன்னா அது கேசு. ரெண்டு பேருமே யோக்கியன்னா அது புராணம். நாம வூட்டுக்குப் போலாம்."

"ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்றாங்க கலீம். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் வேதநாயகம். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்ததைக் கலீமுல்லா அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான்.

மந்தைவெளியில் ஃபோர்மன் ராஜகோபாலன் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பல நாள் தாடியோடு நோயாளி போல இருந்தார். காற்றுக்காகக் கட்டியிருந்த மூங்கில் தட்டியின் ஓரத்தில் ஒரு லாந்தர் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை தரம் கேட்டாலும் அதேதான் சார். மூடச் சொன்னேன். அவன் திறந்தான்" என்றார்.

"நம்பறேன். ஆனா நிஜம் சொன்னவர் நிம்மதியாத் தூங்கணுமே. நீங்க தூங்கின மாதிரி தெரியலையே?"

ராஜகோபாலன் தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் வந்துண்டிருக்கான் சார்."

"யாரு?"

"லாசர். தினம் இந்த வேளைக்கு வரான். உருவம் ஒண்ணும் இல்லை, குரல் மட்டும்தான். காதோரமா வந்து, 'குளிருதாய்யா?'ங்கறான். அன்னிக்கு அந்த வெள்ளைப் புகைக்குள்ளேர்ந்தும் இதைத்தான் கேட்டான். குழந்தைக்கு ஜுரம்னு லீவு கேட்டான் சார், நான் தரமாட்டேன்னுட்டேன். குழந்தை போயிடுத்து. உன் மனசு இப்போ குளிர்றதான்னு என்னைக் கேட்டுண்டே செத்தான். அவன் வேணும்னுதான் செத்தான்னு எனக்கு அதனாலதான் நிச்சயம். என் மேல பழி போட்டுட்டுப் போயிட்டான்."

நாடகத்தில் கலீமுல்லா போட்ட ஊளையெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்னால் வெறும் இருமல். மெதுவாக நகர்ந்து, வெளிச்சமாவது துணைக்கு இருக்கட்டும் என்று லாந்தருக்கு அடியில் போய் நின்றுகொண்டான். நேரம் பார்த்து அந்த லாந்தர் குபுகுபுவென்று புகைய ஆரம்பித்தது.

உள்ளே சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு நிலைப்படிக்கு வந்தாள் ராஜகோபாலனின் மனைவி ஜானு. "இந்த லாந்தர் ஒரேயடியாப் பொகையறதே. நாளைக்கு வேற திரி போடணும். யாராவது அதைச் சித்தக் குளிரப் பண்ணிடுங்கோ" என்றாள்.

பக்கத்தில் நின்றவன் கலீமுல்லாதான். ஓகோ, விளக்கு சூடாகிவிட்டது போலிருக்கிறது, காற்றுப் பட்டால் ஆறிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குல்லாவால் மெல்ல விசிறினான். தீ ஒரு தரம் துள்ளி எழுந்தது.

"ஐயையோ, குளிரப் பண்ணுங்கோ!" என்றாள் ஜானு.

"இதோ பண்றேம்மா!" இன்னும் கொஞ்சம் வேகமாக விசிறினான். கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, தீ சாய்ந்து தட்டியின் ஓரத்தை நக்கியது.

"குளிரப் பண்ணுங்கோன்னா! நன்னாக் குளிரப் பண்ணுங்கோ!" என்று அலறினாள் ஜானு. அவள் அலற அலற இவன் இரண்டு கையாலும் விசிறினான். மூங்கில் படபடவென்று பற்றிக்கொண்டது.

ராஜகோபாலன் பாய்ந்து வந்து லாந்தரைப் பிடுங்கித் திரியை இறக்கினார். வேதநாயகம் தன் மேல்துண்டால் தட்டியை அடித்துத் தீயைத் தணித்தார். வராந்தாவில் கருகல் நாற்றம் சூழ்ந்தது.

"எம் மேல தப்பில்ல!" என்றான் கலீமுல்லா மூச்சு வாங்கிக்கொண்டு. "அம்மா குளிரப் பண்ணச் சொன்னாங்க. என்னால ஆன மட்டும் பண்ணேன். இதுக்கு மேல குளிர வைக்கணும்னா ஐஸ் கம்பெனிக்குத்தான் தூக்கிகினு போவணும்!"

யாரும் சிரிக்கவில்லை. வேதநாயகம் துண்டை உதறிவிட்டு ஜானுவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, குளிரப் பண்றதுன்னா என்ன?"

"என்னன்னா... எரியாமப் பண்றது."

"அணைக்கிறதா?"

ஜானு சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். "விளக்கு வச்ச வேளையில அந்த வார்த்தையைச் சொல்லப்படாது."

"நிறுத்து, மூடு?"

"ஒண்ணும் சொல்லப்படாது. லட்சுமி ஆத்தை விட்டுப் போயிடுவா. எது ஆனாலும் குளிரப் பண்ணுன்னுதான் சொல்வோம். நானும் அப்படித்தான், இவரும் அப்படித்தான்."

இவரும் என்ற சொல் அங்கேயே நின்றது. ராஜகோபாலன் லாந்தரைக் கீழே வைத்தார்.

வேதநாயகம் அவர் பக்கத்தில் போய், குழந்தையோடு பேசுவது போல மெதுவாகப் பேசினார். "ராஜகோபாலன், போலீசில் நீங்க சொன்னது நீங்க நினைச்ச அர்த்தம். அங்கமுத்து எங்கிட்டச் சொன்னது அவன் புரிஞ்சுக்கிட்ட அர்த்தம். ரெண்டும் நிஜம். எனக்கு அர்த்தம் வேண்டாம், வார்த்தை வேணும். லட்சுமி படத்துக்கு விளக்கு ஏத்திட்டுத் திரும்பினீங்க. கீழ் வால்வு திறந்திருந்தது. உங்க வாயில வந்த வார்த்தை என்ன?"

ராஜகோபாலன் கருகிய தட்டியைப் பார்த்தார்.

"எண்ணெய் எடுக்கறது எப்பவும் காலம்பறதான்" என்றார். "மத்த நாளெல்லாம் மூடுன்னுதான் சொல்வேன். அன்னிக்கு மெஷின் மக்கர் பண்ணிச் சாயங்காலமாயிடுத்து. அப்போதான் விளக்கை ஏத்தினேன். திரும்பினேன். எண்ணெய் வடிஞ்சது போறும்னு தோணித்து. குளிரப் பண்ணுடான்னேன்."

"அவன் மேல் வால்வுக்குப் போனான்."

"எங்கே போறான் இந்தப் பைத்தியம்னு பதறிண்டு கத்தினேன். குளிரப் பண்ணு, நன்னாக் குளிரப் பண்ணுன்னு..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

கலீமுல்லா தன் கையிலிருந்த குல்லாவைப் பார்த்தான். அந்தம்மாள் கத்தக் கத்த அவன் எவ்வளவு வேகமாக விசிறினான் என்பது நினைவுக்கு வந்தது. லாசர் அந்தச் சக்கரத்தை ஏன் கடைசி மட்டும் திருகினான் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கோல்ட் ரூம் உஷ்ணமானியைப் பார்க்கிறது யாரு?" என்று கேட்டார் வேதநாயகம்.

"நான்தான். அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே இருக்கு."

"மேல் வால்வைத் திறக்கிறவன் உங்களை என்ன கேட்பான்?"

"குளிருதாய்யான்னு... தினம் அதைத்தான்..." ராஜகோபாலன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அவன் என்னைத் திட்டலை சார். மூச்சு அடைக்கிறபோதும் அவன் வேலையைத்தான் பார்த்துண்டிருந்தான். திட்டியிருக்கலாமே! திட்டிட்டே செத்திருக்கலாமே!"

ஜானு கதவைப் பிடித்தபடி அழுதாள். பேய் போய்விட்டது என்று கலீமுல்லாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேயாகவே இருந்திருந்தால் ஏதாவது வேப்பிலையோ தாயத்தோ வேலை செய்திருக்கும். இந்த மனுஷனுக்கு இனி எதைக் கட்டுவது?

மறுநாள் காலை வேதநாயகம் சாமியாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மனிதர் தன் வாயாலேயே எல்லார் முன்னாலேயும் சொல்லட்டும். நான் செய்ததைத் திருத்திக்கொள்கிறேன்" என்றார்.

"வருவாருன்றியா வாத்தியாரே?" என்று கேட்டான் கலீமுல்லா. "வேல பூடும். போலீசு திரும்பவும் வரும். குப்பத்து ஆளுங்க தோல உரிச்சாலும் உரிப்பாங்க. நானா இருந்தா ரயில் ஏறியிருப்பேன்."

"பார்ப்போம்" என்றார் வேதநாயகம். அவருக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் கடலோரத்துக் கல்லறைத் தோட்டத்தில் குப்பம் முழுவதும் கூடியிருந்தது. சவுக்குக் கம்பு நட்ட வேலிக்கு உள்ளே சிலுவைகளும் சாமந்தி மாலைகளும் மெழுகுவத்திகளுமாக நெரிசல். வேலிக்கு வெளியே ஒரு மணல் மேடு, அதன் பக்கத்தில் தேசம்மா. ராஜகோபாலன் செருப்பில்லாமல் மணலில் நடந்து வந்தார். கூட்டத்தின் நடுவில் நின்று, லீவு தராததிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். எனக்குத் தெரியாது, அது எங்கள் வழக்கம், எவன் கண்டான் என்று எந்த இடத்திலும் நழுவவில்லை. நான் சொன்ன வார்த்தைதான் அவனைக் கொன்றது என்று முடித்தார்.

கூட்டம் கொதித்தது. ஒருவன் துடுப்பை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டான். அங்கமுத்துதான் குறுக்கே விழுந்து தடுத்தான்.

சாமியார் தேசம்மாவிடம் போனார். "தாயே, தப்பு என்னுது. நாளைக்கே லாசரை எடுத்து உள்ளே நல்ல இடத்துல வச்சிடறேன்."

"எடுக்காதீங்க சாமி" என்றாள் தேசம்மா. "ஒரு தபா பொதச்சது போதும். அவர இன்னொரு தபா தொந்தரவு பண்ணாதீங்க. வேலிய நவுத்துங்க."

சாமியார் வேலியைப் பார்த்தார். பிறகு தன் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கம்பைப் பிடித்து ஆட்டினார். அதைப் பார்த்ததும் ஆண்கள் எல்லாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கலீமுல்லாவும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். ராஜகோபாலனை யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. அவரும் ஓர் ஓரத்தில் கம்பு பிடுங்கினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. இருட்டுகிற சமயத்தில் வேலி மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது.

தேசம்மா மெழுகுவத்தியை ஏற்றி நட்டாள். ராஜகோபாலன் அவள் எதிரில் வந்து கைகூப்பினார். "என்னை மன்னிச்சுடும்மா."

"அத அவராண்ட கேட்டுக்க. எனக்கு வேற ஒண்ணு வேணும்" என்றாள் அவள். "நாளைக்கு அந்த மெஷினாண்ட அங்கமுத்து நிப்பான். அவன் பொண்டாட்டி முழுவாம கீறா. நீ இருந்தாலும் செரி, வேற எவன் ஃபோர்மனா வந்தாலும் செரி. அந்த வால்வாண்ட ஒரே வார்த்ததான் சொல்லணும். வெள்ளிக்கெழமன்னா ஒண்ணு, திங்கக்கெழமன்னா ஒண்ணு கூடாது. நீ சொன்னத அவன் திருப்பிச் சொல்லணும். அப்பறந்தான் கைய வைக்கணும். செய்வியா?"

"செய்யறேம்மா. கம்பெனியில சொல்லி எல்லாருக்கும் அதையே சட்டமாக்கச் சொல்றேன்."

"சட்டம் கெடக்கட்டும். இப்ப சொல்லு, கேக்கறேன்."

ராஜகோபாலன் சுற்றிலும் பார்த்தார். திரும்பிய பக்கமெல்லாம் சுடர். விளக்கு வைத்த வேளை, அதுவும் வெள்ளிக்கிழமை. பிறந்ததிலிருந்து அந்த நேரத்தில் அவர் நாக்கில் ஏறாத சொல். கலீமுல்லா அவரையே பார்த்துக்கொண்டு, சொல்லு சாமி, சொல்லிடு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"மூடு" என்றார் ராஜகோபாலன்.

"மெஷின் ஓடிகினு கீது. கேக்கல" என்றாள் தேசம்மா.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார். "மூடு!"

வேலியின் கடைசிக் கம்பை நட்டுக்கொண்டிருந்த அங்கமுத்து நிமிர்ந்தான். "மூடு!" என்று அவனும் உரக்கத் திருப்பிச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூடிட்டேங்கய்யா" என்றான்.